பின்கட்டுக்கு வராத வைஃபை

வீட்டில் பூஜை அறை எங்கே, சமையலறை எங்கே என்று தீர்மானிப்பதற்குள் நாம் எத்தனை பேரைக் கேட்கிறோம்! வாஸ்து பார்க்கிறோம், பெரியவர்களிடம் யோசனை கேட்கிறோம், பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்கிறோம். ஆனால் இன்டர்நெட் பெட்டி எங்கே என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வீட்டு எஜமானரா, எஜமானியம்மாளா? இரண்டு பேரும் இல்லை. தோளில் ஒயர்ச் சுருளும் கையில் துளை போடும் மிஷினுமாக வந்து நிற்கிறானே, அந்தக் கம்பெனிப் பையன்தான்! அவனுக்கு அன்றைக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி. வாசல் ஜன்னல் ஓரமாகத் துளை போடுவது சுலபம். டி.வி.க்கு அடியில் ஒரு ப்ளக்கும் தயாராக இருக்கிறது. கால் மணி நேரத்தில் காரியத்தை முடித்து விட்டு, "நெட் வருதா பாருங்கம்மா" என்கிறான். பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தால் வராமல் என்ன செய்யும்? பேஷாக வருகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து விடுகிறோம்.

அன்றைக்குப் பிரதிஷ்டையான பெட்டி அப்புறம் அசைவதே இல்லை. பின்னாலிருக்கும் படுக்கை அறையில் படம் சுற்றிக் கொண்டே நிற்கிறது. சமையலறையில் பேச்சு பாதியில் அறுந்து போகிறது. எல்லாரும் கம்பெனியைத் திட்டுகிறோம். பெட்டியை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதம். பழைய காலத்து நீள வீடு. ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அப்புறம் பின்கட்டு. வாசலிலிருந்து கொல்லை வரை எழுபது அடிக்குக் குறையாது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து கொண்டு அவர் வீடியோ மூலம் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். சிங்கப்பூரில் சில குழந்தைகள், அமெரிக்காவில் சில குழந்தைகள். வீட்டுச் செலவில் பாதி அந்தச் சம்பாத்தியத்தில் நடக்கிறது. ஆனால் சரளி வரிசை சொல்லும்போது மூன்றாவது ஸ்வரத்தில் குரல் அறுந்து, ஏழாவது ஸ்வரத்தில் திரும்பி வந்தால் பாட்டு எப்படி உருப்படும்? இரண்டு மாணவிகள் நின்று விட்டார்களாம். "கூடத்தில் போய் உட்கார்ந்தால் நன்றாக வருகிறது. ஆனால் அங்கே என் மாமனார் டி.வி. பார்ப்பார். எண்பது வயசுப் பெரியவரை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அகத்துக்காரர் 100 பிளானை 300 பிளானாக மாற்றினார். மாதா மாதம் பணம்தான் கூடப் போகிறது, பின்கட்டில் பழைய கதைதான்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் அகத்துக்காரர் செய்ததைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்கிறோம். வேகம் வாங்குவது ஒரு காரியம். வாங்கின வேகத்தை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது முற்றிலும் வேறு காரியம். கீழே தொட்டி நிரம்பி வழிகிறது. மாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதற்கு, தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் மாடிக்குத் தண்ணீர் ஏறிவிடுமா?

வீடியோவில் ஒருவரோடு பேச எவ்வளவு வேகம் வேண்டும் தெரியுமா? இரண்டு மூன்று மெகாபிட் இருந்தால் தாராளம். தெளிவான சினிமாப் படத்துக்கு ஐந்து. ரொம்ப உயர்ந்த 4கே படத்துக்கு 15-லிருந்து 25 வரை. ஆகையால் 100 என்பது சாதாரணக் குடும்பத்துக்குப் போதும் போதும். குற்றவாளி பிளானா, பெட்டி வைத்த இடமா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். போனில் வேகம் பார்க்கும் வசதி ஒன்றை வைத்துக் கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பாருங்கள். தொந்தரவு தருகிற அறையில் நின்று ஒரு தடவை பாருங்கள். பக்கத்தில் 95, அறையில் 4 என்று வந்தால் கம்பெனிக்குப் போன் செய்து பிரயோஜனமில்லை. பக்கத்திலேயே 4 என்றால் தாராளமாகச் சண்டை போடலாம்!

வைஃபை என்பது ரேடியோ அலைதான். சுவரைக் கடந்து போகும்; ஆனால் இனாமாகப் போகாது, ஒவ்வொரு சுவரிலும் சுங்கம் கட்டிவிட்டுத்தான் போகும். இதில் நமக்குப் பெருமையான ஒரு சரித்திரம் உண்டு. 1890-களில் கல்கத்தாவில் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி, அங்கே ஒரு மணியை அடிக்க வைத்தும் வெடிமருந்தை வெடிக்க வைத்தும் காட்டி எல்லாரையும் பிரமிக்கச் செய்தார். சுவரைத் தாண்டுமா என்பது அன்றைக்கு ஆச்சரியம். நமக்கோ, நாலு சுவரைத் தாண்டி இன்னும் நாலு பேருக்கு ஏன் சினிமாக் காட்டவில்லை என்று கோபம்!

எந்தச் சுவர் எவ்வளவு சுங்கம் வாங்கும்? மரத் தடுப்பு, திரைச்சீலை, சாதாரணக் கதவு இவையெல்லாம் சொற்பம்தான். செங்கல் சுவர் அதைவிட அதிகம். பழைய வீட்டின் பட்டைச் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். கம்பி கட்டின கான்கிரீட் பெரிய விழுங்கி. இவற்றை எல்லாரும் ஒருவாறு ஊகித்து விடுவார்கள். யாரும் ஊகிக்காதவை, சுவரில்லாத சுவர்கள். இரும்பு பீரோ ஒன்று போதும், அதற்குப் பின்னால் நிழல் விழுந்து விடும். நிலைக்கண்ணாடியும் அப்படியே, கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ப்ரிட்ஜ், எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். எந்த அறையில் எந்த பீரோ எந்தச் சுவரோரமாக நிற்கிறது என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? கம்பெனிப் பையனுக்குத் தெரியாது. காலையில் போய் இரவில் வருகிற ஐயாவுக்கும் அவ்வளவாகத் தெரியாது. இந்த வேலைக்கு வீட்டு அம்மாளைவிட நல்ல எஞ்சினீயர் கிடைக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிக்கு இரண்டு குரல்கள் உண்டு. 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்பது ஒன்று; 5 கிகா ஹெர்ட்ஸ் என்பது இன்னொன்று. அடுத்த வீட்டில் கச்சேரி ரிகார்டு வைத்தால் சுவர் வழியாக மிருதங்கம் தொம் தொம் என்று கேட்கும். பாடுகிறவரின் வார்த்தை மட்டும் புரியாது, கவனித்திருக்கிறீர்களா? அதே கதைதான் இங்கேயும். 2.4 மிருதங்கம், மெதுவானது, ஆனால் சுவர் தாண்டும். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். இரண்டும் உள்ள பெட்டிதான் நல்லது. சில கம்பெனிகள் இனாமாகக் கொடுக்கும் பெட்டியில் 2.4 மட்டுமே இருக்கும். போனில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், சில வீடுகளில் உங்கள் பெயரோடு '5ஜி' என்று வால் ஒட்டிக் கொண்டு இன்னொரு பெயர் தெரியும். அது இந்த 5 கிகா ஹெர்ட்ஸ் சமாசாரம். செல்போன் கம்பெனிகள் விளம்பரம் செய்கிற 5ஜி அல்ல. இரண்டையும் குழப்பிக் கொண்டு கடைக்காரரிடம் போனால் அவருக்குக் கொண்டாட்டம்.

ரேடியோ வைத்துக் கொள்ளத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டின காலம் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தத் தொல்லை இதற்கு இல்லை. 2005-ம் வருஷம் ஜனவரியில் நமது சர்க்கார் 2.4 பகுதியை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க அனுமதித்தது. 5 பகுதியை 2018-ல் விசாலமாகத் திறந்துவிட்டது. இலவசம் என்றால் கூட்டத்துக்குக் கேட்பானேன்? மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அந்த 2.4-க்குப் பக்கத்தில்தான். அடுப்பு சுற்றும்போது நெட் திணறுகிறது என்று சிலர் சொல்வது பிரமை அல்ல, நிஜம். ஆகவே பெட்டிக்குச் சமையலறை மேடை உகந்த இடமல்ல.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பெட்டி பேசினால் மட்டும் போதாது. உங்கள் போன் பதில் சொல்ல வேண்டும், அது பெட்டியின் காதில் விழவும் வேண்டும். போனோ சின்னப் பிராணி. பாட்டரியைச் சிக்கனம் பண்ண வேண்டிய ஜன்மம். அதன் குரல் பெட்டியின் குரலைவிட மெல்லியது. எட்டுக் கொம்பு முளைத்த பெட்டியை வாங்கி வந்து வாசலில் வைத்தால், அது கத்துவது பின்கட்டில் கேட்கலாம். பின்கட்டில் போன் முணுமுணுப்பது வாசலுக்குக் கேட்க வேண்டாமா? இதற்கு மருந்து பெரிய குரல் அல்ல, கிட்டே போவதுதான்.

கல்யாணப் பந்தியில் ஒரே ஒருவர் பரிமாறுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கோடி இலையில் காது கேட்காத தாத்தா ஒருவர். "சாம்பாரா?" என்று மூன்று தடவை கேட்டால்தான் அவர் தலையசைப்பார். அதுவரை மற்ற இலைக்காரர்கள் வெறும் சாதத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்! தூரத்து அறையில் சிக்னல் இல்லாமல் தவிக்கும் ஒரு போன் செய்வது இதைத்தான். ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மெதுவாக வாங்கிக் கொண்டு, பெட்டியின் நேரத்தைத் தின்று விடுகிறது. பின்கட்டைச் சரி செய்தால் கூடத்து டி.வி.யும் நன்றாக ஓடும் என்பதை மாமனாருக்குச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

சரி, எங்கேதான் வைப்பது? காசு செலவழிப்பதற்கு முன் ஒரு மத்தியானத்தைச் செலவழியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் படத்தைக் கோடு போட்டுக் கொள்ளுங்கள். வைஃபை அளக்கும் இனாம் ஆப் ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக் கொண்டால் அது 'டி.பி.எம்.' என்று ஒரு எண் காட்டும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும், பயப்பட வேண்டாம். கடன் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் க்ஷேமம். மைனஸ் 50 என்றால் அமோகம். 60 நன்று. பேச்சும் வீடியோவும் அறுபடாமல் நடக்க 67-க்குள் இருக்க வேண்டும். 70-க்கு மேல் நொண்டும், 80-ல் படுத்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம்: 10 கூடினால் பலம் பத்தில் ஒரு பங்காகி விடும். 20 கூடினால் நூற்றில் ஒரு பங்கு.

ஒவ்வொரு அறையிலும், நீங்கள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து அளவெடுங்கள். கதவைத் திறந்து வைத்து அளந்து விட்டு, இரவில் ஏ.ஸி.க்காகக் கதவைச் சாத்திக் கொண்டு, "கணக்குத் தப்பு" என்று சொல்லக் கூடாது. ராத்திரி எட்டரை மணிக்கு, அக்கம் பக்கத்தில் எல்லா டி.வி.யும் ஓடுகிற வேளையில், ஒரு தடவை வேகத்தையும் பாருங்கள். அதுதான் நிஜமான பரீட்சை. பிறகு பெட்டியை ஒரு ஸ்டூலின் மேல் ஏற்றி, எக்ஸ்டென்ஷன் ஒயரில் உயிர் கொடுத்து, நீளமான கேபிளில் கட்டி, ஐந்தாறு அடி நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். ஐந்தடியில் இவ்வளவு வித்தியாசமா என்று ஆச்சரியப்படுவீர்கள். கம்பெனிக்காரர் இழுத்த ஃபைபர் ஒயரை மட்டும் நீங்களாக மடக்கவோ இழுக்கவோ வேண்டாம். அதற்குள்ளே இருப்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. ஃபைபர் பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். அதிலிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிள் இழுத்து வைஃபை ரவுட்டரை மட்டும் உள்ளே கொண்டு வந்தால் போதும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் கம்பெனிக்காரரையே கூப்பிட்டு நகர்த்தச் சொல்ல வேண்டும்.

வீட்டின் நடுவாந்தரமான இடம், ஆறேழு அடி உயரம், திறந்த வெளி. பெட்டிக்கு வேண்டியது இந்த மூன்றுதான். டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். மர அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள். முக்கியமாக, அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்குப் போட்ட மாதிரி பூவேலை செய்த உறை தைத்துப் போடாதீர்கள்! துணி அலையைத் தடுக்காது. ஆனால் பெட்டி உள்ளே வெந்து போகும். கொம்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். கொம்பிலிருந்து அலை பரவும் வடிவம் மெது வடை மாதிரி. வடையின் ஓட்டைக்குள் கொம்பை நிறுத்தினதாகப் பாவித்துக் கொள்ளுங்கள். கொம்பு நேராக நின்றால் வடை படுத்திருக்கும். பக்கத்து அறைகளுக்கெல்லாம் கிடைக்கும். நேர் மேலே மாடியில் இருப்பவருக்கு ஓட்டைதான் கிடைக்கும். மாடிக்கும் வேண்டுமானால் இரண்டு கொம்பில் ஒன்றைப் படுக்க வையுங்கள். மாடிப்படி இருக்கும் பக்கமாகப் பெட்டி இருந்தால் இன்னும் விசேஷம். தளத்தைத் துளைப்பதைவிட அலைக்குப் படியேறுவது சுலபம்.

திருவல்லிக்கேணிச் சகோதரிக்கு இப்படி அளக்கும்படி எழுதினேன். அவர் அனுப்பின கணக்கு இது: கூடத்தில் 42, முற்றத்துத் தாழ்வாரத்தில் 58, சமையலறையில் 71, பின்கட்டில் 83. கூடத்துக்கும் பின்கட்டுக்கும் வித்தியாசம் 41. அதாவது பின்கட்டுக்குப் போய்ச் சேருவது கூடத்தில் கிடைப்பதில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! பிளானை 300 ஆக்கினாலும் 1,000 ஆக்கினாலும் இந்தப் பன்னிரண்டாயிரத்துக்கு அது பதில் ஆகாது. ரவுட்டரைத் தாழ்வாரத்துக்கு மாற்றிப் பார்த்தார். பின்கட்டில் 70 ஆயிற்று. நல்ல முன்னேற்றம்; ஆனாலும் பாட்டுக்குப் போதாது. இவ்வளவு நீளமான வீட்டுக்கு ஒரு பெட்டி போதாது என்பது அதிலேயே தெரிந்து விட்டது.

இரண்டாவது பெட்டி என்றதும் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது 'ரிப்பீட்டர்'. சுவர் ப்ளக்கில் சொருகினால் தீர்ந்தது என்பார். மலிவு; அதுதான் அதன் பெரிய குணம். அதன் சங்கடம் என்னவென்றால், சாதாரண ரிப்பீட்டர் ஒரே வாயால் அந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். ஆகவே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடத்தை வாங்குகிறவர்களே உண்டாக்கிக் கொள்கிறார்கள்: சிக்னலே இல்லாத அறையில் கொண்டு போய்ச் சொருகுகிறார்கள். பால்காரரிடம் வாங்கி வந்து நமக்கு ஊற்ற வேண்டிய ஆள், பால்காரரே வராத தெருவில் நின்றால் தூக்கில் என்ன இருக்கும்? நல்ல சிக்னல் இன்னும் பாக்கி இருக்கிற பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும்.

'மெஷ்' என்று இரண்டு மூன்று பெட்டிகள் சேர்த்து விற்கிறார்களே, அது ரிப்பீட்டருக்குப் படித்த தம்பி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நீங்கள் நடக்க நடக்கப் போன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக் கொள்ளும். துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாக இருக்கும் வாடகை வீட்டுக்கு இதுதான் சௌகரியம். ஆனால் காற்று வழியாகவே ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும்படி விட்டால், பாதி வழி விதி இதற்கும் உண்டு.

என்னைக் கேட்டால், ஒயர் இழுக்க முடிந்த வீட்டில் ஒயருக்கு ஈடு எதுவும் இல்லை. கேட் 6 என்ற கேபிள் 100 மீட்டர் வரை ஓடும். ஒயரின் கோடியிலும் வேகம் குறையாது. வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசினதும் அதே பெயரில் மலிவாக வருகிறது. மின்சார ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க வேண்டாம். கேபிளின் மறு கோடியில் மாட்டப் புதுப் பெட்டி வேண்டும் என்பதும் இல்லை. பரண் மேல் கிடக்கும் பழைய ரவுட்டரின் செட்டிங்கில் 'ஆக்ஸஸ் பாயிண்ட் மோட்' என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டு, பெரிய பெட்டியின் பெயரையும் பாஸ்வேர்டையுமே இதற்கும் கொடுத்து விட்டால், பழைய பெட்டிக்கு மறு ஜன்மம். அதைப் போடாமல் வெறுமனே சொருகினால் இரண்டு ரவுட்டரும் "நான்தான் பெரியவன்" என்று விலாசம் கொடுக்க ஆரம்பித்து ரகளை ஆகும்.

திருவல்லிக்கேணியில் அப்படித்தான் நடந்தது. ரகளையைச் சொல்லவில்லை, ஒயரைச் சொல்கிறேன்! முற்றத்து ஓரமாக 25 மீட்டர் கேபிள் ஓடிற்று. பின்கட்டில் பழைய பெட்டி உட்கார்ந்தது. அங்கே இப்போது மைனஸ் 48. மாமனாரின் டி.வி.க்கும் ஒரு துண்டு கேபிள் நேராகவே கொடுத்தாயிற்று; அசையாத சாமானுக்கு வைஃபை எதற்கு? பிளானை மறுபடியும் 100-க்கே இறக்கி விட்டார்களாம். சிங்கப்பூர்க் குழந்தைகளின் வகுப்பு ஒரு வாரமாக அறுபடாமல் நடக்கிறதாம். நின்று போன இரண்டு மாணவிகள் மட்டும் வேறு வாத்தியாரிடம் சேர்ந்து விட்டார்கள்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் சொல்லி, ஒவ்வொரு மாடியிலும் நடைவழியின் உட்கூரைக்கு ஒரு காலிக் குழாய் விட்டு வையுங்கள். கூரையில் அப்பம் போல ஒட்டிக் கொள்ளும் ஆக்ஸஸ் பாயிண்டுகள் உண்டு. அவற்றுக்கு மின்சாரமும் அந்த நெட்வொர்க் கேபிள் வழியாகவே வந்து விடும். இன்றைக்குக் குழாய்க்கு ஆகும் செலவு, நாளைக்குச் சுவரை வெட்டிப் பூசுவதற்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

அடுக்கு மாடி வாசிகளின் கஷ்டம் வேறு. அவர்களுக்குத் தூரம் கஷ்டமில்லை. அண்டை வீட்டார்தான் கஷ்டம். போனில் பார்த்தால் இருபது வீட்டுப் பெயர் தெரிகிறது. 2.4-ல் ஒன்றோடொன்று இடிக்காத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இருபது வீடும் அந்த மூன்று பந்தியில்தான் உட்கார வேண்டும். அவர்கள் போனையும் டி.வி.யையும் 5-க்கு மாற்றிக் கொள்வது புத்திசாலித்தனம். அங்கே இடமும் அதிகம். அடுத்த வீட்டுச் சுவரே அடுத்த வீட்டு 5-ஐத் தடுத்து நமக்கு உபகாரம் செய்யும்.

சானல் விட்டுச் சானல் தாவுவது என்று ஒரு யுக்தி உண்டு. அதற்கு 1942-ம் வருஷம் அமெரிக்காவில் பேடண்ட் பெற்றவர்களில் ஒருவர், ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நட்சத்திரம்! ஜார்ஜ் ஆன்டைல் என்ற சங்கீதக்காரரோடு சேர்ந்து, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவும் ஏற்பாடு ஒன்றை யுத்தத்துக்காக யோசித்தார். வைஃபையையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று இப்போது சிலர் எழுதுவது அதிகப்படி. இன்றைய வைஃபை அப்படித் தாவுவதில்லை. புளூடூத் தாவுகிறது. ஆனாலும் ஒரு சினிமா நடிகை ஓய்வு நேரத்தில் செய்த காரியம் இது என்றால் லேசா?

கடையில் அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 'ஏ.எக்ஸ். 3000' என்றால் உங்கள் போனுக்கு 3,000 கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 2.4-ல் 574, 5-ல் 2,402, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கினால் 3,000. 'ஏ.எக்ஸ். 1800' என்பது 574-ம் 1,201-ம். அப்பா சம்பளம், பிள்ளை சம்பளம் இரண்டையும் கூட்டிப் பிள்ளைக்குப் பெண் பார்க்கிற மாதிரிதான்! அதுவும் காகிதக் கணக்கு. கைக்கு வருவது அதில் பாதி இருந்தால் திருப்தி. சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு குரலும் உள்ள 'வைஃபை 6' பெட்டி போதும். 2024-ல் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய 'வைஃபை 7' நல்ல சரக்குதான். ஆனால் உங்கள் போனுக்கு அந்தப் பாஷை தெரியாவிட்டால் கொடுத்த பணம் சும்மா கிடக்கும். ஒரு பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு சுமாரான பெட்டிகளும் ஒரு கேபிளும் வாங்கி விடலாம் என்பதைக் கடையில் நிற்கும்போது நினைவு வைத்துக் கொள்ளுங்கள்.

"குழந்தை தூங்கும் அறையில் பெட்டி வைக்கலாமா?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். வீட்டு ரவுட்டர் வெளியே விடும் சக்தி சாதாரணமாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் அது நாலில் ஒன்றாகி விடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல், இத்தகைய பலவீனமான அலைகளால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று சொல்லிற்று. அதன் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011-ல் ரேடியோ அலைகளைப் 'புற்று உண்டாக்கச் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. அது பெரும்பாலும் காதோடு ஒட்டிப் பேசும் செல்போன் ஆராய்ச்சிகளை வைத்து. தொட்டிலுக்கு மேலேயே மாட்டாமல் நடைவழியில் மாட்டினால் உங்கள் மனசுக்கும் நிம்மதி, மற்ற அறைகளுக்கும் சௌகரியம்.

கடைசியாகக் கரண்ட். பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனால் விசிறி நிற்பதோடு வகுப்பும் நின்று விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், எந்தெந்த ப்ளக்குக்கு அதன் இணைப்பு உண்டு என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டு அதிலேயே பெட்டியைச் சொருகுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே கையடக்கமான யு.பி.எஸ். கிடைக்கிறது, பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதோடு ஒத்துப் போக வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட். 9 வோல்ட்டும் உண்டு, மாற்றிச் சொருகினால் பெட்டி போயிற்று. ஃபைபர் பெட்டி ஒன்று, ரவுட்டர் ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். பின்கட்டுப் பெட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போகிற நேரத்தில் கூடத்துக்கு மட்டும்தான் நெட் இருக்கும்.